எண்ணாயிரவர் காட்சி: ஓர் ஆவணப்படத்தின் நிகழ்வு ஆய்வு

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் மலைகளைப் பற்றி நாற்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். பாதி ஆவணம், பாதி நடிப்பு. நான் வரலாற்று ஆலோசகராக இருந்தேன். படத்தின் நடுவில் வரும் கழுவேற்றக் காட்சி மூன்று நிமிடம்கூட இருக்காது. அதை எப்படி எடுப்பது, எடுக்கலாமா என்பதிலேயே ஏழு மாதம் போனது. இடையில் இரண்டு முறை படமே நின்றுபோகிற நிலை வந்தது. பழங்காலத்தையும் மதத்தையும் சேர்த்துத் தொடுகிற படம் எடுப்பவர்களுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர்களுக்கும் உதவும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் தவறுகளும் இதில் இருக்கின்றன. யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

இயக்குநர் என்னிடம் வரலாறு படித்தவர். சில விளம்பரப் படங்களில் உதவியாளராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று வந்தார். பணம் போட்டவர் மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, வீட்டில் பன்னிரு திருமுறை, கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு பதிகம். திரைக்கதை எழுதியவர் அவருக்கு நேர் எதிர், கடவுள் மறுப்பாளர். ஒளிப்பதிவாளர் சாமநத்தம் பக்கத்துப் பையன். ‘சமணர் ரத்தம்’ சிந்திய இடம் என்பதால்தான் சாமநத்தம் என்று பேர் வந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். (நத்தம் என்றால் குடியிருப்பு. ஆனாலும் அந்தக் கதை ஊரில் உயிரோடுதான் இருக்கிறது.)

படத்துக்கு அடிப்படையான கதை பலருக்கும் தெரிந்ததுதான். 7ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட கூன் பாண்டியன் சமணத்தைச் சேர்ந்தவன். அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் சைவர்கள். அவர்கள் அழைத்துத் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வருகிறார். அவர் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ வெப்புநோயாகப் பாண்டியனைப் பிடிக்கிறது, சம்பந்தரின் திருநீறு அதைத் தீர்க்கிறது. அப்புறம் ஏட்டை நெருப்பில் இடுகிற அனல்வாதம், ஆற்றில் விடுகிற புனல்வாதம். வைகையில் விட்ட சம்பந்தரின் ஏடு எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகத்தில் ஒதுங்குகிறது. தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் கழுவில் ஏறுகிறார்கள். கூன் நிமிர்ந்த பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆகிறான். இவன் அரிகேசரி மாறவர்மன் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து.

இவ்வளவையும் விரிவாகச் சொல்வது பெரியபுராணம். சேக்கிழார் அதைப் பாடியது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அதைப் பாடிய காலத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு. பிற்பாடு எங்களுக்குள் வந்த எல்லாச் சண்டைக்கும் வேர் இந்த இடைவெளிதான்.

முதல் திரைக்கதை

முதல் வடிவம் அண்ணாச்சியின் மனசுக்கு ஏற்றபடி இயக்குநரே எழுதியது. பக்திப் படங்களில் பார்த்துப் பழகிய வார்ப்பு அப்படியே அதில் இருந்தது. சமண முனிவர்கள் இருட்டறையில் கூடிச் சதி செய்கிறார்கள், முகத்தில் கீழிருந்து விளக்கொளி. சம்பந்தர் வரும்போது மட்டும் வெயில். மீனாட்சி கோயில் கோபுரங்களை டிரோனில் சுற்றிக் காட்டி, ‘கி.பி. 7ஆம் நூற்றாண்டு, மதுரை’ என்று எழுத்து. இன்று நிற்கும் கோபுரங்களில் பழையதே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான்.

ஆடை ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சமணராக நடிப்பவர்கள் வெள்ளை உடுத்தி, வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்றார்கள். இணையத்தில் கிடைத்த வட இந்தியச் சுவேதாம்பரத் துறவிகளின் படத்தைப் பார்த்துத் தைத்தது. தமிழகச் சமணம் திகம்பரம். துறவிகள் ஆடை அணிவதில்லை, கையில் மயிற்பீலியும் குண்டிகையும் இருக்கும். வாயில் எந்நேரமும் துணி கட்டுகிற வழக்கம் சுவேதாம்பரத்திலேயே ஒரு பிரிவுக்கு உரியது, அதுவும் மிகப் பிற்காலத்தது.

கழுவேற்றக் காட்சி திரைக்கதையில் நாலே வரி. “பரந்த வெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் கழுமரங்கள். எட்டாயிரம். மேலிருந்து காட்டுகிறோம்.” ஒளிப்பதிவாளர் அதைப் படித்துவிட்டுப் பேப்பரில் கணக்குப் போட்டார். ஆறடிக்கு ஒன்று என்று ஒரே வரிசையில் நட்டால் பதினாலரை கிலோமீட்டருக்கு மேல் போகும். கிராபிக்ஸில் செய்துகொள்ளலாம் என்று முடிவானது. எண்ணிக்கையைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

சின்னத் திருத்தங்கள்

ஆலோசகர் என்ற முறையில் நான் முதலில் செய்தது கண்ணுக்குத் தெரிந்த பிழைகளைத் திருத்தியது. கோபுரங்களை எடுக்கச் சொன்னேன். வெள்ளை உடையையும் வாய்த்துணியையும் நீக்கச் சொன்னேன். வைகையில் விடுகிற ஏட்டில் ‘வாழ்க அந்தணர்’ என்ற பாசுரம் இன்றைய அச்சு எழுத்தில், மெய்யெழுத்துக்கெல்லாம் அழகாகப் புள்ளி வைத்து இருந்தது. பாண்டிய நாட்டில் அப்போது எழுதியது வட்டெழுத்து. கலை இயக்குநருக்கு எழுத்து எழுத்தாக வரைந்து கொடுத்தேன். அவர் நிஜப் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மசி தடவித் துடைத்துக் கொண்டுவந்தார். கையில் வாங்கிப் பார்த்தபோது சிலிர்த்தது. என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சோதனைக்காக எடுத்த இரண்டு நிமிடத்தை முதலாண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், இதெல்லாம் நிஜமாவே இப்படித்தான் நடந்துச்சா? ஏட்டு எழுத்துகூட அந்தக் காலத்து எழுத்தாவே இருக்கே.”

அந்த ஏடு எதிர்நீச்சல் போட்ட கதைக்கு என் வட்டெழுத்து சாட்சியாகிவிட்டது. சதி செய்யும் முகங்கள், எட்டாயிரம் கழுமரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஓலை ஜாமீன் கொடுத்துவிட்டது. உடையும் எழுத்தும் தப்பாக இருந்திருந்தால் அவளுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். அந்தச் சந்தேகத்துக்கு இருந்த வழியையும் நானே அடைத்திருந்தேன். இந்த வேலையில் நான் செய்த பெரிய தவறு இது. படத்தில் யாரை நம்ப வைக்கிறார்கள், யாரை வெறுக்க வைக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும். ஓலைக்கும் துணிக்கும் அப்புறம் வந்திருக்கலாம்.

இரண்டாவது திரைக்கதை

நான் மறுப்புச் சொன்னதும் திரைக்கதை எழுத்தாளர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு மூன்று வாரத்தில் புதிதாக எழுதிக் கொடுத்தார். விறுவிறுப்பான எழுத்து. ஆனால் அப்படியே தலைகீழ். இருட்டறையில் இப்போது சைவர்கள், வெயிலில் சமணர்கள். சம்பந்தர் பழிவாங்கும் வெறியோடு நிற்கிறார். கடைசியில் அதே பரந்த வெளி, அதே எட்டாயிரம்.

பக்தருக்கு எட்டாயிரம் வெற்றியின் அளவு, பகுத்தறிவாளருக்குக் குற்றத்தின் அளவு. எண்ணைக் குறைக்க இருவருக்கும் மனசில்லை. பெரியபுராணத்தில் மற்ற அற்புதங்கள் எதையும் நம்பாதவர் இந்த ஒரு எண்ணை மட்டும் ஏன் அப்படியே நம்புகிறார் என்று கேட்டேன். “அவங்களே பெருமையா எழுதி வெச்சிருக்காங்களே சார், இதைவிட வாக்குமூலம் வேற வேணுமா?” என்றார். வலுவான கேள்வி, எனக்கும் உடனே பதில் வரவில்லை.

ஒரு வசனம் மட்டும் அங்கேயே அடிபட்டது. சம்பந்தர் ஆலவாய்ப் (மதுரை) பதிகம் ஒன்றில் சாக்கியரையும் (பௌத்தர்) அமணரையும் (சமணர்) குறித்து ‘கற்பழிக்கத் திருவுள்ளமே’ என்று இறைவனைக் கேட்கிறார். எழுத்தாளர் அதை இன்றைய பொருளில் எடுத்து, சமணப் பெண்கள் மீதான வன்முறைக் காட்சி ஒன்றையே எழுதியிருந்தார். அந்தப் பதிகம் முழுக்க வாதில் வெல்வதைப் பற்றியது. கற்பு என்றால் அங்கே அவர்கள் கற்ற கல்வி. பதிகத்தை முதலிலிருந்து உட்கார்ந்து வாசித்தோம். பாதியிலேயே அவர் பேனாவை எடுத்து அந்தக் காட்சியை அடித்துவிட்டார். சம்பந்தரின் பாட்டில் கடுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் ஏசுகிறார், அது மறைக்க முடியாதது. ஆனால் அந்தக் கடுமையை அவர் சொல்லாத குற்றத்துக்குச் சான்றாக்க முடியாது.

மலைக்குப் போனது

அந்தக் கட்டத்தில் படத்தை நிறுத்திவிடலாம் என்றார் இயக்குநர். ஒரு நாள் எல்லாரும் மலைக்குப் போய்வருவோம், அப்புறம் முடிவு செய்யலாம் என்றேன்.

கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அடிவாரத்தில் அய்யனார் கோயில். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், எட்டு. அவற்றின் அடியில் வட்டெழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும். உச்சி வெயிலில் வெறும் பாறையாகிவிடும். விரலால் தொடாமல், காற்றில் கோடு போட்டபடி வாசித்துக் காட்டினேன். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணத் துறவியர் பள்ளியின் பெயர் வருகிறது, ஆசிரியர் பெயர், அவரது மாணாக்கர் பெயர். செதுக்கச் சொன்னவர் இன்னார். 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்து.

ஒளிப்பதிவாளர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாரையும் கழுவேத்தியாச்சுன்னா, இருநூறு வருஷம் கழிச்சு இதைச் செதுக்கினது யாரு சார்?”

அங்கேயே பாறையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். அச்சணந்தி என்ற ஒரே சமண ஆசிரியர் யானைமலை, அழகர்மலை, சமணர்மலை என்று மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் திருமேனி செய்வித்திருக்கிறார். கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டு. குரத்தியார் என்று பெண் ஆசிரியர்களின் பெயர்கூட அங்கே இருக்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் தன்னை ‘மதிரை ஆசிரியன் இளங்கௌதமன்’ என்று கல்லில் எழுதிக்கொள்கிறார். காலம் 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சி. சமணரை வேரோடு அழித்ததாகச் சொல்லும் ஊரின் பெயரை இருநூறு ஆண்டு கழித்து ஒரு சமண ஆசிரியர் பெருமையோடு முன்னால் போட்டுக்கொள்கிறார்.

சேக்கிழாரே பாடிய சூழலும் இதையே சொல்கிறது. சோழ மன்னன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தான், அதிலிருந்து அவனை மீட்கத்தான் அடியார் வரலாறு பாடப்பட்டது என்பது சேக்கிழார் புராணம் தரும் செய்தி. சமணக் காப்பியத்துக்கு 12ஆம் நூற்றாண்டு அரசவையிலும் அவ்வளவு செல்வாக்கு இருந்திருக்கிறது என்றுதானே பொருள்.

எண்ணைப் பற்றியும் பேசினோம். சேக்கிழார் சொல்வது ‘எண்பெருங் குன்றத்து எண்ணாயிரவர்’. எட்டுக் குன்றம், குன்றுக்கு ஆயிரம். இது தலை எண்ணிய கணக்கா, பாட்டுக்கு வந்த கணக்கா? எண்ணாயிரவர் என்பது ஒரு கூட்டத்தின் பெயராகவும் இருக்கலாம் என்ற கருத்து உண்டு. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அஷ்டசகஸ்ரம் என்ற பெயரில் பிராமணர்களில் ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கும் பொருள் எண்ணாயிரவர்தான்.

எழுத்தாளர் விடவில்லை. “அப்போ ஒண்ணுமே நடக்கலையா? எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்களா?” அப்படியும் கல் சொல்லவில்லை. திருப்பரங்குன்றத்தின் தென்பக்கம் இருக்கும் உமையாண்டார் குடைவரை ஒரு காலத்தில் சமணக் குகை. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாற்றப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பழைய உருவத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அர்த்தநாரீசுவரரை அமைத்தது தெரியும். சமணர் ஆதரவை இழந்தார்கள், இடங்களை இழந்தார்கள், ஏச்சு வாங்கினார்கள். அதில் ரத்தமும் சிந்தியிருக்கலாம். ஆனால் அது ஒரே நாளில் ஒரு மைதானத்தில் முடிந்த கதை இல்லை. அறுநூறு ஆண்டு மெல்லத் தேய்ந்த கதை. படம் எடுக்கச் சிரமமான கதையும்கூட.

என்ன முடிவு, ஏன்

கீழே இறங்கும்போது எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது.

காட்சியையே விட்டுவிடலாம். ஆனால் கழுவேற்றக் கதை பல நூற்றாண்டாகப் பாட்டிலும் கோயில் ஓவியத்திலும் திருவிழாவிலும் வாழ்கிறது. அதைத் தொடாமல் மதுரைச் சமணரைப் பற்றிப் படம் எடுப்பது ஒளிப்பதாகிவிடும். தொடக்கத்தில் ‘இதில் வரும் காட்சிகள் புராணத்தைத் தழுவியவை’ என்று ஒரு அட்டை போடலாம். நாலு விநாடி அட்டையை மூன்று நிமிடக் கழுமரம் அழித்துவிடும். இரண்டு தரப்புக் கதையையும் அடுத்தடுத்து நடித்துக் காட்டலாம். அப்போது பார்ப்பவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்.

நான்காவது வழியைச் சொன்னது எழுத்தாளர்தான், அதுவும் இலக்கணத்திலிருந்து. தமிழில் ‘கழுவில் ஏறினார்கள்’ என்பது வேறு, ‘கழுவில் ஏறினார்களாம்’ என்பது வேறு. அந்த ஒற்றை ‘ஆம்’ போதும், சொல்பவர் தான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறார் என்று புரிந்துவிடும். பழைய பாட்டில் ‘என்ப’ என்று வரும். ஊர்க்கதை சொல்லும் பாட்டிகூட அந்த ‘ஆம்’ இல்லாமல் சொல்லமாட்டாள். கேமராவிடம் அந்த விகுதி கிடையாது. அது எதைக் காட்டினாலும் ‘நடந்தது’ என்றே சொல்லும். “அந்த ‘ஆம்’ஐ எப்படியாவது திரையில கொண்டு வரணும் சார்” என்றார். முந்தின வாரம் வரை எட்டாயிரத்தை வாக்குமூலம் என்று சொன்னவர்.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். கல்லில் இருப்பதை அந்த இடத்திலேயே போய் எடுப்போம். புராணத்தில் மட்டும் இருப்பதைத் தோற்பாவைக் கூத்தாகக் காட்டுவோம், மனிதர்கள் நடிக்க மாட்டார்கள். நாங்களாக ஊகிப்பதைப் படமாகவே எடுக்காமல், நான் கேமரா முன்னால் நின்று ‘இருக்கலாம்’ என்று வாயால் சொல்வேன். தோற்பாவையைத் தேர்ந்தது அழகுக்காக இல்லை. விளக்குக்கு முன்னால் ஆட்டுத்தோல் பொம்மை ஆடும்போது பார்ப்பவர் யாரும் அதை நடந்த சம்பவம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், கதை கேட்கிறோம் என்றே உட்கார்ந்திருப்பார்.

அண்ணாச்சியிடம் பேசியது

இதற்கு அண்ணாச்சியின் சம்மதம் வேண்டும். கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துப் பேசினார்.

“பெரியபுராணம் பொய்ங்கறீங்களா சார்?”

“பொய்னு சொல்லல அண்ணாச்சி. ஐந்நூறு வருஷம் கழிச்சுப் பாடினதுங்கறேன்.”

“தெய்வச் சேக்கிழாருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிருச்சு?”

அவரிடம் கல்வெட்டைக் காட்டிப் பயனில்லை என்று தோன்றியது. அவர் நம்பும் நூலிலிருந்தே, சைவர்கள் சம்பந்தரைச் சொல்கிற ‘ஆளுடைய பிள்ளை’ என்ற பெயராலேயே கேட்டேன். “ஆளுடைய பிள்ளை பாடினதுல கழுவேத்தினதா ஒரு பாட்டு இருக்கா அண்ணாச்சி? உங்களுக்குத் திருமுறை மனப்பாடம்.” யோசித்தார். திருநீற்றுப் பதிகம் இருக்கிறது, திருப்பாசுரம் இருக்கிறது, வாது செய்ய உத்தரவு கேட்ட பதிகம் இருக்கிறது. கழு இல்லை. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் நெடுமாறனை நெல்வேலி வென்றவன் என்றுதான் பாடுகிறார். கழுவேற்றம் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் பாட்டில்தான் தலைகாட்டுகிறது, சம்பந்தருக்கு முந்நூறு நானூறு ஆண்டுக்குப் பிறகு. அரிகேசரியின் போர்களையும் தானங்களையும் சொல்கிற வேள்விக்குடிச் செப்பேட்டிலும் இதைப் பற்றி மூச்சில்லை.

சேக்கிழாரின் பாட்டையே அவர் பெட்டியிலிருந்து எடுத்து வாசித்தார். சம்பந்தருக்குப் பகை இல்லை என்றாலும், மடத்துக்குத் தீ வைத்த குற்றத்தால் அரசன் செய்கையை விலக்காமல் இருந்தார் என்று வருகிற இடம். இரண்டு முறை வாசித்தார். “பகை இல்லேன்னு சொல்றாரு பாருங்க. உங்க முதல் படத்துல பிள்ளை சிரிச்சுக்கிட்டே நிக்கற மாதிரி வெச்சிருந்தாங்க. அது எனக்கு அப்பவே உறுத்துச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி. பிள்ளை பாடாததை நாமளும் ஆளை வெச்சு நடிச்சுக் காட்ட வேண்டாம். பொம்மையாவே இருக்கட்டும்.”

அவர் நம்பிக்கை மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

படப்பிடிப்பு

இதில் சொல்ல அதிகம் இல்லை. தொல்லியல் துறை அனுமதிக்கு அலைந்ததுதான் நேரம் பிடித்தது. திகம்பர முனிவர்களைக் கண்ணியமாகக் காட்ட வேறு வழி தெரியாமல், பீலி பிடித்த கையையும் பாறைப் படுக்கையில் விழுந்த நிழலையும் மட்டும் எடுத்தோம். தோற்பாவைக் கலைஞரிடம் இராமாயணப் பாவைகள்தான் இருந்தன. சமண முனிவருக்கும் பாண்டியனுக்கும் புதிதாகத் தோல் வாங்கி வெட்டினார். முனிவர் பாவைக்கு என்ன முகம் என்று கேட்டார். எழுத்தாளர் என்னைப் பார்த்தார். இராமனுக்கு வெட்டுகிற அதே அமைதியான முகத்தை வெட்டச் சொன்னோம்.

திரையிட்ட பிறகு

சின்ன அரங்கில் நூறு பேர் முன்னால் போட்டோம். ஓர் ஓதுவார் எழுந்து, சம்பந்தரைக் கொலைகாரர் ஆக்கவில்லை, அதற்கு நன்றி என்றார். ஓர் இளைஞர் கோபமாக, சைவர் செய்த கொலையை மூடி மறைத்துவிட்டீர்கள் என்றார். இரண்டுக்கும் பதில் சொல்ல எங்களிடம் கல்வெட்டு இருந்தது.

பதில் இல்லாத இரண்டு விஷயம் பின்னால் வந்தன.

முதலாவது, ஒரு வாரத்தில் யாரோ பாவைக்கூத்துப் பகுதியை மட்டும் ஐம்பது விநாடிக்கு வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ‘எட்டாயிரம் சமணர் படுகொலை, வரலாற்று ஆதாரம்’ என்று தலைப்பு. சில நாளில் அதே துண்டு ‘சைவம் வென்ற வரலாறு’ என்ற தலைப்போடு இன்னொரு குழுவிலிருந்து எனக்கே வந்தது. பொம்மை என்பதே போதுமான அடையாளம் என்று நம்பியிருந்தோம். கைபேசித் திரையில், தலைப்போடு வரும்போது, அது போதவில்லை.

இரண்டாவது, அரங்கில் கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா சொன்னது. மேல்சித்தாமூர் பக்கத்துக் கிராமம், தமிழ்ச் சமணக் குடும்பம், ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாரும் கலைந்த பிறகு வந்து மெதுவாகக் கேட்டார். “நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா எங்க ஆளுங்க ஒருத்தர்கூடப் படத்துல பேசலையே. நாங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். நயினார்கள் என்ற தமிழ்ச் சமணர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், மடம் இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன என்று வகுப்பில் முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதம் சைவரிடமும் பகுத்தறிவாளரிடமும் பேசினேன். சமணர் ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழிந்துபோனவர்கள் என்ற அந்தப் பழைய கதை என்னையும் பிடித்துத்தான் வைத்திருந்தது.

மாற்றியது

படத்தைத் திரும்பத் தொகுத்தோம். பாவைக்கூத்துப் பகுதி முழுவதையும் இன்னொரு முறை எடுத்தோம். இந்த முறை கேமரா திரைக்குப் பின்னால். எந்த இடத்தில் வெட்டினாலும் கலைஞரின் கை, விளக்கு, கோல் இவற்றில் ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்கும். கதை சொல்லும் குரலில் ‘ஏறினார்களாம்’ என்பதை இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறையாவது வைத்தோம். ஐந்து விநாடி எடுத்தாலும் அந்த ‘ஆம்’ கூடவே போகட்டும் என்று.

அடுத்த முறை இப்படி ஒரு வேலைக்கு யாராவது கூப்பிட்டால் உடையையும் ஓலையையும் பார்ப்பதற்கு முன்னால் திரைக்கதையைக் கேட்பேன். எந்த மதத்தார் வெளிச்சத்தில், எந்த மதத்தார் இருட்டில் என்று குறித்துக்கொள்வேன். கதை யாரைப் பற்றியதோ அவர்கள் வீட்டுக்கு முதல் வாரமே போவேன். எழுத்தாளரையும் பணம் போடுகிறவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி மூன்று மாதத்தை வீணாக்காமல், ஆரம்பத்திலேயே ஒன்றாக மலைக்குக் கூட்டிப் போவேன். அண்ணாச்சி கடைசி வரை பேச்சிப்பள்ளம் ஏறவில்லை. அது எனக்கு இன்னும் குறையாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாவைக் கழுகுமலைக்கு அழைத்துப் போனோம். ‘திருச்சாரணத்துக் குரத்திகள்’ என்று வருகிற கல்வெட்டை நான் எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். குரத்தி என்றால் ஆசிரியை என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நான் சொல்லாமலே, உருவங்களைப் பார்த்தபடி இன்னொரு முறை வாசித்தார். புது வடிவத்தில் அதுதான் கடைசிக் காட்சி. மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருக்கலாம் என்று ஒளிப்பதிவாளர் ஆசைப்பட்டார். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்த அம்மா சாப்பிடமாட்டார். அடிவாரத்தில் சாப்பாடு வைத்திருந்தோம். ஐந்து மணிக்கே கேமராவைக் கட்டிவிட்டு இறங்கினோம்.